கணக்கில் வராதவை

கோத்தகிரியைத் தாண்டி கோடநாடு காட்சிமுனைக்குப் போனால், கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். அதற்கு அப்பால் பவானிசாகர் நீர். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ரங்கசாமி மலையும், அதை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் ரங்கசாமி தூணும். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு, சூடாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

1950 டிசம்பர் 13 அன்று அந்தத் தூணுக்கு அருகில் ஏர் இந்தியா விமானம் ஒன்று மலையில் மோதி நொறுங்கியது. இறந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்டு. கூடவே அவர் மனைவி லூசில். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுப் பயணமாக வந்திருந்தார். வயது 48. இருபதாம் நூற்றாண்டுப் புள்ளியியலுக்கு அடித்தளம் போட்ட மிகச் சிலரில் ஒருவருடைய உயிர், நாம் தினமும் அண்ணாந்து பார்க்கிற மலையில் போயிருக்கிறது. கல்லூரி முடித்துப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு இது தெரியவந்தது. அதன்பிறகு மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறினால் கண் தானாக அந்தத் திசைக்குப் போய்விடுகிறது.

வால்டு 1902-ல், இன்று ருமேனியாவில் இருக்கும் க்ளுஜ் நகரத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் படித்தார். யூதர் என்பதால் அங்கே பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. 1938-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராணுவத்துக்காக ஒரு புள்ளியியல் ஆய்வுக் குழு அமைத்தார்கள். அந்தக் குழுவில் இவர் மேசைக்கு வந்த கேள்விகளில் ஒன்று, சண்டைக்குப் போய் உடம்பெல்லாம் குண்டுத் துளைகளோடு திரும்பும் விமானங்களைப் பற்றியது. எங்கெங்கே எத்தனை துளை என்று கணக்கு இருக்கிறது. விமானம் முழுக்கக் கவசம் போட்டால் எடை தாங்காது. எங்கே போடலாம்?

துளை அதிகம் உள்ள இடத்தில் என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். ஒரு கணக்காகப் பார்ப்போம். வானத்தில் குண்டு இடம் பார்த்துப் பாய்வதில்லை. திரும்பி வந்த விமானங்களின் உடற்பகுதியில் சதுர மீட்டருக்கு ஐந்து துளை, எஞ்சினில் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினில் பட்டிருக்க வேண்டிய மீதி நான்கு எங்கே? அவை பட்ட விமானங்கள் திரும்பவில்லை. அவை கடலுக்குள் கிடக்கின்றன. கவசம் துளை குறைவாக இருக்கும் எஞ்சினுக்குத்தான் வேண்டும். வால்டு தளபதிகளோடு நின்று வாதாடியதாக ஒரு காட்சியைப் பின்னாளில் பலரும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் எழுதி வைத்தவை வாய்பாடுகள் நிறைந்த ஆய்வுக் குறிப்புகள்தான். வந்து சேர்ந்தவற்றை வைத்து வராதவற்றின் கதியைக் கணக்கிடும் வழி அவற்றில் இருக்கிறது.

இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து நம் ஊரில் எனக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிகின்றன.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் தைப்பவருக்குக் கைமடித்துக்கொண்டிருந்தவர் சொந்தமாகத் தையல் பவர்டேபிள் போட்டார், பவர்டேபிளில் இருந்து கம்பெனி, கம்பெனியில் இருந்து ஏற்றுமதி. இப்படிப்பட்ட உண்மைக் கதைகள் ஏராளம். தொழில் விழாக்களில் மேடையேறி, "ராத்திரி பகல் பார்க்கல, கடனுக்குப் பயப்படல, அதனால ஜெயிச்சேன்" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி பகல் பார்க்காமல், கடனுக்கும் பயப்படாமல் இறங்கி, வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே போனவரை அந்த மேடைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கடனுக்குப் பயப்படாதவர்களில் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள் என்று தெரிந்தால்தான் அந்த அறிவுரைக்கு மதிப்பு. நின்றவர்கள் மட்டும் பேசும் மேடையில் அது தெரிய வழியே இல்லை.

இதைவிடக் கனமான உதாரணம் சாயப்பட்டறைகள். நொய்யலில் சாயக் கழிவு கலப்பதைத் தடுக்க, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்டவை ஒரே நேரத்தில் நின்றன. கழிவே வெளியேறாத சுத்திகரிப்புக்கு வழி செய்துகொண்டவை பிறகு படிப்படியாகத் திறந்தன. நொய்யலுக்கு அந்தத் தீர்ப்பு அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்று ஒரு மாணவர் வந்து, இயங்கும் பட்டறைகளில் நூறைத் தேர்ந்தெடுத்து, "சுத்திகரிப்புச் செலவைத் தாங்க முடிகிறதா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "முடிகிறது" என்பார்கள். முடியாதவர்கள் அந்த நூறில் இருக்கவே முடியாது. நூறை ஐந்நூறாக்கினாலும் இந்தப் பிசகு தீராது. கேள்வி கேட்கிற இடத்தில் நிற்காதவர் எத்தனை பெரிய மாதிரியிலும் வரமாட்டார்.

காந்திபுரம் பஸ் நிலையத்தில் காலை பதினொரு மணிக்கு மைக் நீட்டி, "கோவை மக்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று கேட்பதும் இதே வகை. அந்த நேரத்தில் பகல் ஷிப்டு மில்லுக்குள் இருக்கிறது. இரவு ஷிப்டு தூங்குகிறது. வால்பாறை எஸ்டேட்காரர் இறங்கி வர வேண்டுமானால் நாற்பது கொண்டை ஊசி வளைவைத் தாண்ட வேண்டும். மாவட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதன் மக்கள்தொகைக்கு ஏற்ப ஆட்களைக் குலுக்கலில் எடுத்து, வீடு தேடிப் போய், இல்லாவிட்டால் மறுநாளும் போனால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். அது காசும் காலும் தேய்கிற வேலை. அதனால்தான் மைக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

மாதிரி எடுப்பது நமக்குப் புதிதில்லை. கொங்கு நாட்டின் வியாபாரமே அதில்தான் நடக்கிறது. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் வியாபாரி விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்துத்தான் விலை போடுகிறார். காங்கேயம் அரிசி ஆலைக்கு நெல் லாரி வந்தால் குத்தூசி மூட்டைக்குள் இறங்குகிறது. அந்த ஊசி எந்த மூட்டையில் இறங்குகிறது என்று பாருங்கள். லாரியின் பக்கவாட்டில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் மூட்டையில். நடு அடுக்கில் இருப்பதற்கும் அடியில் ஈரம் பட்டதற்கும் ஊசி போகாது. ஏற்றி அனுப்பியவருக்கும் இது தெரியும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே தீயில் புரண்டு புரண்டு வெந்த சோற்றுக்குச் சரி. லாரியில் ஒருவர் அடுக்கி வைத்த மூட்டைகள் அப்படி வேகவில்லை.

அப்படியானால் கையை எங்கே வைப்பது? இதற்கு விடையாக நம் வயல்களில் வருடந்தோறும் நடக்கும் ஒரு வேலையைப் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் ஒரு காலையில் அதைக் கூடவே இருந்து பார்த்தேன்.

பயிர்க் காப்பீட்டில் விளைச்சல் குறைவுக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பது தனித்தனி வயலைப் பார்த்து முடிவாவதில்லை. நெல்லுக்கு, ஒரு கிராமத்தில் குறைந்தது நான்கு இடத்தில் அறுத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அந்தச் சராசரியை வைத்துக் கணக்கிடும் விளைச்சல், முந்தைய வருடங்களின் விளைச்சலை வைத்துக் குறித்த அளவுக்குக் கீழே போனால் அந்தக் கிராமத்தில் காப்பீடு செய்த எல்லாருக்கும் பணம். போகாவிட்டால் யாருக்கும் இல்லை. நான்கு சதுரம். ஒவ்வொன்றும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர்.

எந்த சர்வே நம்பர் என்பதை, குலுக்கி எடுத்ததுபோன்ற சமவாய்ப்பு எண்கள் உள்ள ஒரு தாள் முன்பே சொல்லிவிட்டது. வயலின் தென்மேற்கு மூலையில் நின்று நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி என்று நடந்து அளந்தார்கள். சதுரத்துக்கு வேண்டிய இடத்தைக் கழித்தார்கள். அதே தாளில் இருந்து இரண்டு எண். அத்தனை அடி கிழக்கே, அத்தனை அடி வடக்கே. அங்கே முதல் முளைக்குச்சி. அது விழுந்த இடத்தில் பயிர் கதிர் முற்றி, மடியாமல் நின்றது.

வயல்காரருக்கு மனசு கேட்கவில்லை. "ஏனுங் சார், இங்க நல்லாத்தான் வெளஞ்சிருக்குது. மேக்கால பாருங்க, காத்துல அத்தனையும் சாஞ்சு கெடக்குது. அங்க வந்து அறுங்க."

"நம்பர் இங்கதாங்க விழுந்திருக்குது," என்று அதிகாரி தாளைக் காட்டினார்.

அடுத்த வயலில் முளைக்குச்சி சாய்ந்து கிடந்த பயிருக்கு நடுவில் விழுந்தது. இப்போது காப்பீட்டு நிறுவனத்துக்காக வந்திருந்த இளைஞர் மெதுவாகச் சொன்னார்: "சார், இது மொத்த வயலுக்கும் சரியா இருக்காதே. கொஞ்சம் தள்ளிப் போடலாமே?" அவருக்கும் அதே தாள்தான்.

இருவருமே நேர்மையானவர்கள் என்றுதான் எனக்குப் பட்டது. இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். கண் போகிற இடத்தை மனசு முடிவு செய்துவிடுகிறது. அந்தத் தாளில் இருந்த இரண்டு எண்களுக்கு யார் பக்கமும் மனசில்லை. அதனால்தான் அவற்றின் கையில் கயிற்றைக் கொடுத்திருக்கிறோம்.

நான்கு குச்சி நட்டு, கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்து, தூற்றி, தராசில் வைத்தார்கள். கயிற்றின்மேல் நிற்கும் தூர்களிடம்தான் நிறைய நேரம் போனது. தூரின் அடி கயிற்றுக்கு உள்ளே இருந்தால் சேர்த்தி, வெளியே இருந்தால் இல்லை. அறுக்கிற பெண் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் நானூறில் ஒரு பங்கு. ஆகவே இங்கே ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகும்.

சதுரம் ஏன் இவ்வளவு பெரிது என்பதற்கே ஒரு சண்டை நடந்திருக்கிறது. அதற்கும் முன்னால் இந்த நாட்டில் விளைச்சலைக் கண்ணால் பார்த்து அணாவில் சொல்வார்கள். பதினாறணா விளைச்சல், எட்டணா விளைச்சல். சொல்கிறவர் கர்ணம். அவர் சொல்லைப் பொறுத்து வரித் தள்ளுபடி கிடைக்கும் என்பதால், எந்தப் பக்கம் சாய்ந்து சொல்வார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1920-களில் பீகார்-ஒரிசாவில் ஜான் ஹப்பாக் என்ற ஐசிஎஸ் அதிகாரி, வயலில் சமவாய்ப்பாக இடம் தேர்ந்து முக்கோணச் சட்டம் வைத்து நெல் அறுத்துப் பார்த்தார். 1927-ல் அவர் அறிக்கை வந்தது. பின்னர் வங்காளத்தில் பெரிய அளவில் மாதிரி ஆய்வுகள் நடத்திய பி.சி. மகாலனோபிஸ் சிறு துண்டுகளை விரும்பினார். சின்னதாக இருந்தால் அதே செலவில் நிறைய இடத்தில் அறுக்கலாம் என்பது அவர் வாதம். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த பி.வி. சுகாத்மே ஒப்புக்கொள்ளவில்லை. சிறிய துண்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டுகிறது என்று 1946-ல் நேச்சர் இதழில் எழுதினார்.

காரணம் அந்தக் கயிற்றோரத் தூர்கள்தான். சந்தேகம் வந்தால் கை சேர்த்துக்கொள்ளத்தான் பார்க்கும். அப்படி நான்கு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் அதிகமாக அறுத்துவிட்டதாக வைப்போம். ஒரு மீட்டர் சதுரத்தில் விளைச்சல் 21 சதவீதம் கூடிவிடும். ஐந்து மீட்டர் சதுரத்தில் 4 சதவீதம்தான். நிறைய இடத்தில் அறுத்தால் ஏற்ற இறக்கம் குறையும். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரே பக்கமாக நடக்கும் பிசகு எத்தனை இடத்தில் அறுத்தாலும் குறையாது. புள்ளியியல் பாடத்தில் மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் இந்த இரண்டையும், அந்தப் பெண் குனிந்து கயிற்றைப் பார்த்தபோதுதான் நானே தெளிவாகப் பிரித்துப் பார்த்தேன். இன்று தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஐந்து மீட்டர் சதுரம். உத்தரப் பிரதேசத்தில் முக்கோணம். மகாலனோபிஸின் வங்காளத்தில் இன்னும் வட்டம்தான்.

அந்தத் தாளில் இருக்கும் எண்களுக்கும் நமக்கு ஒரு உறவு உண்டு. உலகில் முதன்முதலாகச் சமவாய்ப்பு எண் அட்டவணையை அச்சிட்டவர் எல்.எச்.சி. டிப்பெட். 1927-ல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் இருந்து 41,600 இலக்கங்களைத் திரட்டினார். அவர் வேலை பார்த்தது மான்செஸ்டரில், பருத்தித் தொழிலுக்கான ஆய்வுக் கூடத்தில். நூலில் எந்த இடத்தை வெட்டிச் சோதித்தால் மொத்த நூலின் தரமும் தெரியும் என்பது அங்கே அன்றாடக் கேள்வி. தென்னிந்திய மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய கோவையில், நூற்பாலைச் சோதனைக் கூடங்களில் லீ எனப்படும் 120 கெஜம் நூலைச் சுற்றி எடை போட்டு, நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட் பார்க்கிறவர்களுக்கும் அதுதான் அன்றாடக் கேள்வி.

வால்டு இருந்த அந்தக் கொலம்பியா குழுவின் இன்னொரு வேலை தினமும் திருப்பூரில் நடக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? ராணுவச் சாமான்களில் எத்தனையை எடுத்துச் சோதித்தால் போதும் என்று அவர்கள் போட்ட அட்டவணைகள், அமெரிக்க ராணுவத் தரநிலையாகி, பிறகு உலகத் தரநிலையாகின. பையருக்காக ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் கையில் இருப்பது அந்த வம்சத்து அட்டவணைதான். ஆர்டர் 3,201-லிருந்து 10,000 பீஸ் வரை என்றால், வழக்கமான நிலையில் 200 பீஸ் எடுக்கிறார். ஏற்கத்தக்க தர அளவு (AQL) 2.5 என்றால், 10 பீஸ் வரை குறை இருந்தாலும் பாஸ். 11 ஆனால் ஃபெயில். பத்தாயிரத்துக்கு இருநூறு போதுமா என்று புதிதாக வருகிற மெர்ச்சண்டைசர்கள் திகைப்பார்கள். போதும். மாதிரியின் நம்பகம் பெரும்பாலும் அதன் எண்ணிக்கையைப் பொறுத்தது. குவியல் எத்தனை பெரிது என்பதற்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஆனால் அந்த இருநூறும் எந்த அட்டைப்பெட்டியில் இருந்து வந்தவை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இந்தாங்க சார், இந்த வரிசையைப் பிரிச்சுப் பாத்துக்குங்க" என்று கம்பெனியே எடுத்துக் கொடுத்தால் அட்டவணைக்கு அர்த்தம் இல்லை. தேர்ந்த இன்ஸ்பெக்டர் பெட்டி எண்களைத் தானே குறித்துக்கொடுத்து, அடுக்கின் அடியில் இருந்தாலும் இறக்கச் சொல்வார்.

1943-ல் வால்டு இதில் ஒரு படி மேலே போனார். இருநூறையும் பார்த்து முடிக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஏற்கலாமா, தள்ளலாமா, இன்னொன்று பார்க்கலாமா என்று முடிவெடுக்கும் முறையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். சராசரியாகப் பாதியளவு மாதிரியிலேயே அதே நம்பகத்தோடு முடிவு கிடைக்கும். போர் முடியும் தறுவாய்வரை அதை ராணுவம் ரகசியமாக வைத்திருந்தது.

எதை எடுத்துப் பார்ப்பது என்பதில் மட்டுமல்ல, எதை எங்கே வைப்பது என்பதிலும் சமவாய்ப்பு வேண்டும் என்பது வேளாண் ஆராய்ச்சியில் வந்த அறிவு. கோவை வேளாண் கல்லூரி நிலத்தில் 1909-ல் நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கியது. உரமே போடாத பாத்தி, தழைச்சத்து மட்டும், தொழு உரம் மட்டும் என்று தனித்தனிப் பாத்திகள். அந்த வருடம்தான், இத்தகைய பரிசோதனைகளுக்குப் பின்னாளில் விதிமுறை வகுத்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போட வேண்டும், ஒவ்வொன்றையும் பல பாத்திகளில் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதெல்லாம் பிறகுதான். இல்லாவிட்டால் விளைச்சல் கூடியது உரத்தாலா, அந்த மூலை மண்ணே நல்ல மண் என்பதாலா என்று யாராலும் சொல்ல முடியாது. 1972-ல் அதே கோவையில் தொடங்கிய நீண்டகால உரப் பரிசோதனையில் ஒவ்வொரு உர முறையும் நான்கு பாத்திகளில், குலுக்கல் முறையில் அமைந்திருக்கிறது.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். பல்லடம் பக்கம் எங்கள் தோட்டம். ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வருகிற ஊர். போர் போடும்முன் நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடுவோம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். அது எழுந்து நிற்கும் இடத்தில் சுண்ணாம்பு வைப்பார். எங்கள் அப்பா அவரை முழுதாக நம்பினார். "அவரு கை வெச்ச எடம் தப்பாதுப்பா. நம்ம கெழக்கால போரு, உங்க மாமன் தோட்டத்துப் போரு, ரெண்டும் அவரு சொன்னதுதான்."

அதைச் சோதிக்க வேண்டும் என்றால் எப்படிச் செய்யலாம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரே தோட்டத்தில் அவர் சொன்ன புள்ளி ஒன்று, குலுக்கலில் விழுந்த புள்ளி ஒன்று. எது எது என்று போர் வண்டிக்காரருக்குச் சொல்லாமல் இரண்டிலும் போட வேண்டும். இப்படி ஐம்பது தோட்டத்தில். எந்த விவசாயி அந்தச் செலவைத் தாங்குவார்?

சென்ற வருடம் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். அலமாரியைத் திறந்து பில் புத்தகங்களைக் காட்டினார். தண்ணீர் வந்த போர், வராத போர், எல்லாம் வரிசையாக இருந்தன. தேதி, ஊர், அடி, கேசிங் பைப், தொகை. "தண்ணி வந்தவங்க போன் பண்ணுவாங்க. வராதவங்க பண்ணமாட்டாங்க. ஆனா நமக்கு அடிக்குக் காசு, ரெண்டு பேரும் குடுத்தாகணுமுங்க," என்றார். கொங்கு நாட்டில் திரும்பி வராத விமானங்களின் பட்டியலை யாராவது வைத்திருக்கிறார்கள் என்றால் அது அந்த அலமாரிதான். அதில் இருந்து குலுக்கலில் இருநூறு பில்லை எடுத்து, அந்த ஊர்களுக்குப் போய், புள்ளியைக் குறித்தது யார், தண்ணீர் எத்தனை வருடம் நின்றது என்று கேட்டால் ஓரளவு பதில் கிடைக்கும். அந்த வேலையை இந்த வருடம் தொடங்கியிருக்கிறேன்.

முதல் ஊராக எங்கள் ஊரையே எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்தையும் மாமா தோட்டத்தையும் சுற்றினேன். கல் வைத்து மூடிய கேசிங் பைப்புகள் வேலி ஓரத்தில், கட்டுத்தறிக்குப் பின்னால், தென்னை வரிசைக்கு நடுவில். அப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, குழந்தை யாரும் விழுந்துவிடக் கூடாது என்று கல்லை அசைத்துப் பார்த்தார். ஏழு இருந்தன. அவற்றில் ஐந்துக்கு அந்த நீரோட்டம் பார்க்கிறவர்தான் சுண்ணாம்பு வைத்தது என்று அப்பாவே சொன்னார். "இதெல்லாம் மறந்தே போச்சு," என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் நோட்டை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வருடத்தை ஞாபகப்படுத்தி எழுத ஆரம்பித்தார்.